விற்பதற்கு முன் விசாரியுங்கள்

ஓசூரிலிருந்து பாகலூர் செல்லும் சாலையில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் அங்கத்தினர் ஒருவர், அண்மையில் நாம் ஆய்வுக்குச் சென்றிருந்த சங்கத்துக்கு வந்தார். சங்கத்தில் ஈடு வைத்துள்ள ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பத்திரத்தை மீட்க எவ்வளவு கட்டவேண்டும் என்று காரியதரிசியிடம் கேட்டார். காரணத்தை விசாரித்தோம். மகன் பொறியியல் பட்டதாரி. வெளிநாட்டுப் பல்கலைக் கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பத்து நாட்களுக்குள் முன்பணம் கட்டாவிடில் இடம் போய்விடும் என்று பெங்களூரிலுள்ள தரகர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆகவே பத்திரத்தை மீட்டு நிலத்தை விற்றுவிடப் போவதாகச் சொன்னார்.

“உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போட்டீர்களா?” என்று கேட்டோம்.

“எங்களைப் போன்றவர்களுக்கும் அப்படி ஒன்று உண்டுங்களா, ஐயா?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

உண்டு என்பதே நமது விடை. கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கர் ஒருவரின் மகன், கல்லூரிப் பரீட்சையில் தேறாதவர், 1914ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். சென்னைப் பல்கலைக் கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. அதில் ஒரு பகுதி வீட்டாருக்குச் செல்லவும் ஏற்பாடாயிற்று. அவரே கணித மேதை ராமானுஜன். அவருடைய படிப்புக்காகத் தந்தை நிலம் எதையும் விற்கவேண்டி இருக்கவில்லை.

கூட்டுறவாளரான நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. 1921ல் கோழிக்கோட்டில் பிறந்து, கோபிசெட்டிபாளையத்திலும் சென்னையிலும் கற்ற வர்கீஸ் குரியன், இந்திய சர்க்காரின் உபகாரச் சம்பளத்தில் அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக் கழகத்துக்குச் சென்று, 1948ல் மேற்பட்டம் பெற்றார். படித்தபின் சர்க்காருக்கு ஊழியம் செய்யவேண்டும் என்பது நிபந்தனை. அதன்படி 1949ல் குஜராத்திலுள்ள ஆனந்த் என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். அவர் விரும்பிச் சென்ற ஊர் அன்று அது. ஆயினும், 1946ல் தொடங்கப்பெற்றிருந்த கெய்ரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் யூனியனோடு அங்கே அவர் கலந்தார். அமுல் என்னும் பெயரைப் பின்னர் நாடே அறிந்தது. ஒரு மாணவனுக்குப் பொதுப்பணத்தில் அளித்த உதவி பல லட்சம் பால்காரக் குடும்பங்களுக்கு வட்டியோடு திரும்பி வந்தது என்றால் மிகையன்று.

இனி இன்றைய வழிகளைப் பார்ப்போம். சமூக நீதி அமைச்சகம் நடத்தும் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளத் திட்டத்தில் 125 இடங்கள் உள்ளன. அவற்றில் 115 ஆதிதிராவிட வகுப்பினருக்கு. 6 சீர்மரபினர், நாடோடி இனத்தாருக்கு. எஞ்சிய 4 நிலமற்ற விவசாயத் தொழிலாளருக்கும் பரம்பரைக் கைவினைஞருக்கும் உரியவை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. வயது 35க்குள் இருக்கவேண்டும். தகுதிப் பரீட்சையில் நூற்றுக்கு 60 எண்கள் வேண்டும். நான்கே இடங்கள்தாம், எனினும் மனுவே போடாதவனுக்கு அந்த நான்கும் இல்லை. தம் பிள்ளைகள் இப்பிரிவில் வருவார்களா என்பதை நெசவுக் குடும்பத்தார் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துத் தெளியவேண்டும். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு நம் மாநில சர்க்காரின் அயலகக் கல்வித் திட்டமும் உண்டு.

சாதி, வருமான வரம்பின்றித் தகுதி நோக்கி அளிக்கப்படுபவையும் பல. அமெரிக்காவுக்கு 1950ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்வழி வந்த ஃபுல்பிரைட் உதவியும், பிரிட்டனுக்கு 1960 முதல் மாணவர்கள் சென்றுவரும் காமன்வெல்த் உபகாரச் சம்பளமும் இவ்வகையின. 1892ல் ஏற்பட்ட ஜாம்செட்ஜி டாட்டா அறநிதி கடனாகவே பணம் தருகிறது; திருப்பிச் செலுத்த வேண்டும். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் அவர்கள் லண்டனில் படித்தது டாட்டா உபகாரச் சம்பளத்தில்தான்.

பலரும் அறியாத உண்மை மற்றொன்று. அமெரிக்காவில் முதுகலைப் பட்டத்துக்குப் பெரும்பாலோர் கைப்பணம் கொடுத்தே படிக்கிறார்கள். ஆனால் விஞ்ஞானம், பொறியியல் துறைகளில் முனைவர் பட்டத்துக்குச் சேர்பவர்களில் பலருக்குப் பல்கலைக் கழகமே கட்டணத்தைத் தள்ளி, கற்பிக்கும் வேலைக்கோ ஆராய்ச்சி வேலைக்கோ மாதச் சம்பளமும் தருகிறது. ஜெர்மனியில் சர்க்கார் பல்கலைக் கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. ஆயினும் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான தொகையை முன்னதாக வங்கியில் கட்டிக் காட்டவேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. கட்டணம் இல்லை என்பதைச் செலவே இல்லை என்று கொள்ளுதல் தவறு. எந்த நாடு, எந்தப் படிப்பு என்பதை மாற்றினாலே செலவுக் கணக்கு மாறிவிடும். இதைத் தரகர் சொல்வார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மாணவனைச் சேர்ப்பதற்காகச் சில கல்வி நிலையங்கள் தரகருக்குப் பணம் கொடுக்கின்றன. பணம் கொடுக்கும் இடத்தையே அவர் புகழ்வார்.

கடன் வாங்கலாகாது என்று நாம் சொல்லவில்லை. கணக்குப் போட்டு வாங்குக என்கிறோம். 20 லட்சம் ரூபாய்க் கடனுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்துக்கொண்டால், ஆண்டு வட்டி மட்டும் 2 லட்சம் ரூபாய். மாதத்துக்குப் பதினாறாயிரத்துக்கும் மேல். படிக்கும் காலத்திலும் இவ்வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். மகனுக்கு வேலை கிடைப்பது ஓராண்டு தாமதமானால் தறியோ தோட்டமோ இந்தப் பாரத்தைத் தாங்குமா? நம் பகுதியில் தொழிற்சாலைகள் வந்தபின் விற்ற நிலத்தைத் திரும்ப வாங்கிய குடியானவரை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம்.

இதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இங்கிலாந்தில் 1844ல் ராச்டேல் நெசவாளரும் பிற தொழிலாளரும் தொடங்கிய சங்கம், சில ஆண்டுகளிலேயே உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கலாயிற்று. கல்வி கூட்டுறவுக்குப் புறம்பானதன்று. லட்சக் கணக்கில் கொடுக்கும்படி நாம் கேட்கவில்லை. ஏழை மாணவன் பெரும்பாலும் தடுமாறுவது முதற் படியில்தான்: ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம், மனுக் கட்டணம், சான்றுகளின் நகல், பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்வரும் செலவு. இச்சிறு தொகையை, உபவிதிகள் இடந்தரும் அளவில், பொதுநல நிதியிலிருந்து சங்கம் உதவலாம். பட்டம் பெற்ற அங்கத்தினர் பிள்ளைகள் இருவர் மூவரைக் கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை உபகாரச் சம்பள அறிவிப்புகளைப் பொதுச்சபையில் படித்து விளக்கலாம். வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் கடைசி வாரத்தில் தேடாமல் ஓராண்டு முன்பே வாங்கிவைக்கச் சொல்லலாம். இவற்றுக்குச் செலவு சிறிது; பயன் பெரிது.

“சென்ற பிள்ளை திரும்பி வராவிட்டால் சங்கத்துக்கு என்ன லாபம்?” என்றொரு கேள்வி உண்டு. நியாயமான கேள்விதான். சிலர் திரும்பார். ஆனால் நாம் தடுப்பதனால் எவரும் நின்றுவிடப் போவதில்லை. நிலத்தை விற்றேனும் போவார்கள். அப்போது மகனும் ஊரில் இல்லை, நிலமும் கையில் இல்லை என்றாகிவிடும். உபகாரச் சம்பளத்தில் போனால் நிலமாவது தங்கும். கடன் பாரமின்றிப் படித்தவனே மனம் விரும்பினால் திரும்பவும் முடியும்; கடன் உள்ளவனுக்கு அந்தச் சுதந்திரம் ஏது?

பாகலூர்ச் சாலை அங்கத்தினரின் கதை என்னவாயிற்று என்று அறிய வாசகர்கள் விரும்புவார்கள். தரகர் குறித்த பத்து நாட்கள் கடந்தன. அந்த இடமும் போயிற்று. மகன் இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே, அடுத்த ஆண்டுக்கு நான்கு இடங்களுக்கு மனுத் தயாரித்து வருகிறான். உபகாரச் சம்பளம் கிடைக்கும் என்று நாம் உறுதி சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஓர் ஆண்டை இழந்ததில் அவனுக்கு வருத்தமும் உண்டு. ஆனால் தோட்டத்தில் இன்றும் ரோஜா பறிக்கிறார்கள். பத்திரம் சங்கத்துப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

ஓர் ஆண்டு தாமதமாகப் படிக்கலாம். விற்ற நிலத்தை மீட்பது அரிது. ஆகவே, அங்கத்தினர்களே, விற்பதற்கு முன் விசாரியுங்கள்.