விலக்கப்பட்ட 69 சொற்கள்

போன வருடம் எங்கள் அலுவலகத்தில் ‘நெருக்கடி நேரத்தில் பேசுவது எப்படி’ என்று அரைநாள் பயிற்சி. நடத்தியவர் மேரி பாராவின் வீடியோ ஒன்றைப் போட்டார். 2014 ஏப்ரல். ஜெனரல் மோட்டார்ஸின் தலைமைப் பொறுப்புக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத பாரா, அமெரிக்க காங்கிரஸ் குழுவின் முன்னால் உட்கார்ந்து, இறந்தவர்களின் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். “பாருங்க, எவ்ளோ நேரடியா பேசுறாங்க. இதுதான் டெக்ஸ்ட்புக்” என்றார் பயிற்சியாளர். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். மதியச் சாப்பாடு வேறு நன்றாக இருந்தது.

அன்றிரவு அந்த விவகாரத்தின் ஆவணங்களைப் படிக்க ஆரம்பித்தேன். தலையாட்டியதற்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

பிரச்சினை ஓர் இக்னிஷன் சுவிட்ச். செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலிய கார்களில் அதன் பிடிப்பு இருக்க வேண்டியதைவிடத் தளர்வு. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ முழங்கால் இடித்தாலோ, ஓடும் வண்டியில் சாவி நழுவிவிடும். இன்ஜின் அணையும். பவர் ஸ்டீயரிங் போகும். பிரேக் கல்லாகும். மோதினால் ஏர்பேக்கும் விரியாது.

2005 டிசம்பரில் நிறுவனம் டீலர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. சாவிக்கொத்தில் தேவையில்லாததைக் கழற்றிவிடச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். ஓட்டத்தில் இன்ஜின் அணைவதை அந்தத் தொழிலில் ‘ஸ்டால்’ என்பார்கள். குறிப்பில் அந்தச் சொல் இல்லை. மறதி என்று நினைத்துவிடாதீர்கள். அது ‘சூடான’ சொல்லாம். எழுதினால், ‘இவ்வளவு ஆபத்தென்றால் ரீகால் செய்யாமல் ஏன் குறிப்பு அனுப்புகிறீர்கள்’ என்ற கேள்வி வந்துவிடுமாம். நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர் ஆன்டன் வலூகஸின் அறிக்கையில் இது இருக்கிறது.

ஆக, நெருக்கடித் தொடர்பாடல் 2005இலேயே கச்சிதமாக முடிந்துவிட்டது. 2014இல் நாம் வீடியோவில் பார்ப்பது அதன் கருமாதி.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று இலக்கியம் படிக்கிற நீங்கள் கேட்கமாட்டீர்கள். எங்கள் தொழிலில் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். ஒரு டிக்கெட்டுக்கு ‘பி1’ என்று பெயர் வைத்தால் நள்ளிரவில் யாரையாவது எழுப்பி உட்கார வைப்பார்கள். ‘பி4’ என்றால் அது அடுத்த தீபாவளிவரை தூங்கும். பிழை ஒன்றேதான், மாறுவது சொல். ஜிஎம்மில் இந்தச் சுவிட்சுக்கு வைத்த பெயர் ‘வாடிக்கையாளர் வசதி’. வசதிப் பிரச்சினை என்றால் செலவுக்கணக்கு பார்ப்பதில் தப்பில்லை, பாருங்கள். கணக்குக்குக் கட்டுப்படியாகாது என்று 2005இல் தீர்வுகளைக் கைவிட்டார்கள். சுவிட்சைத் திருத்தத் தேவையான பாகத்தின் விலை 57 சென்ட் என்று பின்னால் காங்கிரஸ் விசாரணையில் பேசப்பட்டது. நழுவிய சாவி ஏர்பேக்கையும் அணைத்துவிடும் என்பது, ‘வசதி’ என்று தலைப்பிட்ட கோப்பைக் கையில் வைத்திருந்தவர்களுக்குத் தோன்றவே இல்லை.

யாருக்குத் தோன்றியது தெரியுமா? ஒரு போலீஸ்காரருக்கு. 2006 அக்டோபரில் விஸ்கான்சினில் ஒரு கோபால்ட் மரத்தில் மோதி இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள். விசாரித்த மாநில ரோந்துக் காவலர், ஜிஎம்மின் அதே குறிப்பைத் தேடியெடுத்து, சாவி இருந்த நிலையையும் ஏர்பேக் விரியாததையும் இணைத்து எழுதினார். அவருக்கு எந்தச் சொல்லையும் தவிர்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த அறிக்கை ஜிஎம்மின் கோப்புகளுக்குள் 2007இலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. ரீகால் தொடங்கியது 2014 பிப்ரவரியில்.

இடையில், 2006இல், சுவிட்சை வடிவமைத்த பொறியாளர் அதை மாற்ற ஒப்புதல் கொடுத்தார். பாக எண்ணை மாற்றாமல்! கமிட் மெசேஜ் இல்லாமல், பதிப்பு எண் மாற்றாமல், யாருக்கும் சொல்லாமல் நேராக ப்ரொடக்‌ஷனில் கோடை மாற்றுவதற்குச் சமம். பழையதற்கும் புதியதற்கும் ஒரே எண் என்பதால் விசாரித்தவர்கள் வருஷக்கணக்கில் குழம்பினார்கள். ஜார்ஜியாவில் மகளை இழந்த பெற்றோர் தொடுத்த வழக்கில், அவர்கள் தரப்பு நிபுணர் ஒரு புதுச் சுவிட்சை வாங்கிப் பிரித்துப் பழையதோடு ஒப்பிட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. இதே பொறியாளர், சுவிட்ச் உருவான காலத்தில், வேறொரு தொல்லையால் அலுத்துப்போய் ஒரு மின்னஞ்சலில் அதை ‘நரகத்திலிருந்து வந்த சுவிட்ச்’ என்று எழுதியிருக்கிறார். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம்தான். ஆனால் இந்த மொத்தக் காகிதக் குவியலில் ரத்தமும் சதையுமாக இருக்கும் ஒரே வாக்கியம் அதுதான்.

அப்படிப்பட்ட வாக்கியங்களுக்குத்தான் 2008இல் பாடம் எடுத்தார்கள். ஊழியர்கள் எழுதக்கூடாத 69 சொற்களின் பட்டியல், ஸ்லைடு போட்டு. ‘மரணப்பொறி’, ‘டைட்டானிக்’, ‘ஓடும் சவப்பெட்டி’ எல்லாம் கூடாது. சரி, நாகரிகம் என்று விட்டுவிடலாம். ‘குறைபாடு’ என்றும் எழுதக்கூடாதாம். ‘வடிவமைத்தபடி செயல்படவில்லை’ என்று எழுத வேண்டும். ‘பிரச்சினை’ என்பதற்குப் பதில் ‘நிலைமை’. இந்த ஸ்லைடுகள் 2014 மே மாதம் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தபோது வெளியே வந்தன. அன்றைய சட்டப்படி அதற்குமேல் விதிக்க முடியாது.

பாராவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். வலூகஸ் அறிக்கையை வெளியிட்டார், 15 பேரை வேலையைவிட்டு அனுப்பினார், இழப்பீட்டு நிதி அமைத்தார். நிறுவனம் முதலில் 13 சாவுகள் என்றது, நிதி கடைசியில் ஏற்றுக்கொண்டது 124. ஆனால் மன்னிப்புக் கேட்ட அதே 2014இல், 2009 திவாலுக்குப் பிறகு பிறந்த ‘புதிய ஜிஎம்’ அதற்கு முந்தைய விபத்துகளுக்குப் பொறுப்பல்ல என்று அவருடைய வக்கீல்கள் நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பயிற்சி வகுப்பில் இந்த வீடியோவைப் போடவில்லை.

பயிற்சி முடிந்த மூன்றாவது வாரம், எங்கள் மென்பொருளில் சிலருடைய கணக்கில் பணம் இரண்டு தடவை பிடிக்கப்பட்டது. டிக்கெட்டில் அப்படியே எழுதினேன். மேனேஜரிடமிருந்து மெசேஜ்: “ப்ரோ, ‘டபுள் டெபிட்’னு போடாதீங்க. ‘ரீகன்சிலியேஷன் அப்சர்வேஷன்’னு மாத்திடுங்க, கிளையன்ட் பார்ப்பாங்க.” மாற்றினேன். பி1 பி4 ஆனது. சரிசெய்யப் பதினோரு நாள். அதற்குள் ஒருவரின் வீட்டுக்கடன் தவணை பணமில்லாமல் திரும்பி, புகாரில் மகளின் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றியும் எழுதியிருந்தார். டிக்கெட்டின் ஹிஸ்டரி பக்கத்தில் அந்தத் திருத்தத்துக்கு நேரே மேனேஜர் பெயர் இல்லை. என் பெயரும், மாலை 6.42 என்ற நேரமும்தான் இருக்கின்றன.