ஏழு நாள் உத்தரவும் தோட்டத்து வீடும்

குடும்ப வன்முறை என்று பேச்சு எழுந்தாலே, "போலீசில் புகார் கொடுக்க வேண்டியதுதானே?" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பிரிஞ்சாங் மலையில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வாழும் ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி போலீசைப் பற்றியதாக இருக்காது. "புகார் கொடுத்துட்டு ராத்திரி பிள்ளைங்கள எங்க படுக்க வைக்கிறது?" என்பதாகத்தான் இருக்கும்.

கேள்வி நியாயமானது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டி வருவது. வேலைக்காரர் கணவர் என்றால் வீடும் அவர் பெயரைச் சொல்லித்தான் கிடைத்திருக்கும். இருவரும் அதே தோட்டத்தில் வேலை செய்தால் அடித்தவர், அடிபட்டவர் இருவருமே காலையில் ஒரே இடத்தில் முகம் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் மாமியார், எதிர் வீட்டில் கொழுந்தனார் என்ற நிலையும் உண்டு.

நம் நாட்டில் இதற்கென்று சட்டம் இல்லாமல் இல்லை. பெண்கள் அமைப்புகள் 1985 முதல் போராடிப் பெற்றது 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம். 1996 ஜூன் மாதம் நடப்புக்கு வந்த அது, இன, மத வேறுபாடின்றி எல்லாருக்கும் பொருந்தும். அதன் கீழ் இன்று மூன்று வகைப் பாதுகாப்பு உத்தரவுகள் உள்ளன. நம்மவர்களில் பலருக்குத் தெரியாதது, 2018 ஜனவரி முதல் வழங்கப்படும் அவசரப் பாதுகாப்பு உத்தரவு.

இந்த அவசர உத்தரவுக்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை, வழக்கறிஞரும் வேண்டாம். போலீஸ் புகார் செய்த பிறகுதான் கேட்க முடியும் என்பதும் இல்லை. உடலில் காயம் ஏற்பட்டிருந்தால், அல்லது ஏற்படும் என்ற அச்சம் இருந்தால், சமூக நல இலாகாவின் அதிகாரியே அதை வழங்கலாம். விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும் என்பது சட்டம். அடித்தவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றும் அதில் சேர்க்க முடியும். ஆனால் அதன் ஆயுள் ஏழே நாள்.

அந்த ஏழு நாளில் என்ன நடக்க வேண்டும்? போலீஸ் புகார் செய்து விசாரணை தொடங்க வேண்டும். அதைக் காட்டி, சமூக நல அதிகாரியின் துணையோடு மாஜிஸ்திரேட் முன் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கேட்க வேண்டும். அது விசாரணைக் காலத்துக்கானது. கணவர் மீது வழக்குத் தொடுக்கப்பட்ட பிறகு கேட்பது பாதுகாப்பு உத்தரவு. அது 12 மாதம் வரை செல்லும். மேலும் 12 மாதத்துக்கு நீட்டிக்கலாம். மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மீறும்போது கை ஓங்கினால் தண்டனை இரட்டிப்பு.

தூரத்தைச் சொல்லாமல் விட முடியாது. பிரிஞ்சாங்கிலிருந்து தானா ராத்தா சில கிலோமீட்டர்தான். அங்குள்ள அரசு மருத்துவமனையும் பக்கம்தான். ஆனால் தோட்டத்துக்குள்ளிருந்து பெரிய சாலைக்கு வந்து சேருவதே ஒரு வேலை. பள்ளி விடுமுறையில் சுற்றுப்பயணிகளின் கார்கள் ஊரையே அடைத்துக்கொள்ளும் கதை நமக்குத் தெரியும். ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. மாநிலத் தலைநகர் குவாந்தானோ கிழக்குக் கரையில் இருக்கிறது.

என் பார்வையில் முக்கியமான பிரிவு வீட்டைப் பற்றியது. பாதுகாப்பு உத்தரவில், பொதுவாக வாழ்ந்த வீட்டிலிருந்து அடித்தவரை வெளியேற்றி, மனைவி பிள்ளைகள் மட்டும் அங்கே இருக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். வீடு கணவரின் சொந்தமா, அவர் பெயரில் வாடகையா என்பது தடையில்லை. ஆனால் வேறு வழியே இல்லாதபோதுதான் இதைச் செய்ய வேண்டும், மாற்று வீடு கிடைத்தால் ரத்தாகும் என்றும் சட்டம் சொல்கிறது. தோட்டத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. கணவரை வெளியேற்ற நீதிமன்றத்தால் முடியும். அவர் வேலையை விட்டுவிட்டாலோ? வேலையோடு வந்த வீட்டில் மனைவி எந்த உரிமையில் தொடர்ந்து இருப்பார்? உத்தரவு நடப்பில் இருக்கும் காலம் வரையாவது வீட்டைக் காலி செய்யச் சொல்வதில்லை என்று தோட்ட நிர்வாகங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். இதற்குப் புதுச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். தொழிற்சங்கமும் நம் அரசியல் தலைவர்களும் மனது வைத்தால் போதும்.

அடுத்தது வாபஸ் பிரச்சினை. இடைக்கால உத்தரவு போலீஸ் விசாரணையோடு கட்டப்பட்டது. மேல் நடவடிக்கை இல்லை என்று போலீஸ் எழுத்தில் தெரிவித்துவிட்டால் உத்தரவும் முடிந்தது. "பிள்ளைகளின் அப்பா உள்ளே போகலாமா?" என்று உறவினர் வந்து பேசுவது வழக்கம். கோயில் கமிட்டியில் உட்கார்ந்து சமாதானம் செய்து வைப்பதும் உண்டு. நல்லெண்ணத்தில் செய்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். புகாரை வாபஸ் வாங்க வைக்கும்போது அந்தப் பெண்ணின் பாதுகாப்பையும் சேர்த்தே பறிக்கிறோம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட தம்பதிகள் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறார்கள். "ரெஜிஸ்டர் பண்ணல, கேஸ் நிக்காது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மதம் அல்லது வழக்கப்படி சடங்கு நடந்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் இந்தச் சட்டம் அவரை மனைவியாகவே ஏற்கிறது. முன்னாள் மனைவிக்கும் பாதுகாப்பு உண்டு.

சட்ட உதவியில் ஒரு விசித்திரம். கைதாகும் கணவர் மலேசியக் குடிமகன், வருமானம் குறைவு என்றால், தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் அவருக்காக வரலாம். மனைவிக்கோ தனி வழக்கறிஞர் கிடையாது. நீதிமன்றத்தில் வாதாடும் அரசு வழக்கறிஞர் அரசாங்கத்தின் சார்பில் பேசுபவர். பாதுகாப்பு உத்தரவுக்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை என்பது உண்மை. ஆனால் மலாயில் நடக்கும் விசாரணையில் தன் நிலையை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா? விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளைப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு, வருமானத் தகுதி இருந்தால், அரசின் சட்ட உதவி இலாகாவை நாடலாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் உள்ளன.

அவசரத்துக்கு 24 மணி நேரமும் தாலியான் காசே 15999 எண்ணை அழைக்கலாம். மகளிர் உதவி அமைப்பான டபிள்யூ.ஏ.ஓ.வின் எண் 03-3000 8858. காயம் பட்டிருந்தால் மருத்துவமனை அவசரப் பிரிவில் யார் அடித்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னால் மருத்துவக் குறிப்பிலும் அதுவே பதிவாகும், பிறகு மாற்றுவது கடினம். போலீஸ் புகாரை எந்த நிலையத்திலும் செய்யலாம். எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதி வாங்காமல் வெளியே வராதீர்கள்.