கார்டு தானாக வரட்டும்... பெயர் தானாக ஏற வேண்டாம்!

(இறுதியாண்டு இ.இ.இ. மாணவன் ஒருவன்)



இறுதியாண்டு புராஜெக்ட் பற்றி முன்பெல்லாம் கேண்டீன் பெஞ்சிலும் ஹாஸ்டல் மொட்டை மாடியிலும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்களாம். நம் கதையே வேறு. 2020-ல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியபோது ஜூம், கூகுள் மீட் என்று வீட்டிலிருந்தே பேசப் பழகிய கூட்டம் நாம். கொரோனா போய்விட்டது, பழக்கம் போகவில்லை. டே-ஸ்காலர்கள் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேரவே ராத்திரி ஆகிவிடுகிறது. அதற்கப்புறம் கூடிப் பேச வேறு வழி ஏது?

ஆனால் பேசியதெல்லாம் என்ன ஆகிறது? இலவசக் கணக்கென்றால் நாற்பது நிமிஷத்தில் ஜூம் நம்மை வெளியே தள்ளிவிடும். மறுநாள் லேபில் ஆரம்பிக்கும் பாருங்கள் வேடிக்கை! "சென்சார் யாருடா வாங்கிட்டு வர்றது?" "நீதானே மச்சி வாங்குறேன்னு சொன்னே?" "நான் எப்படா சொன்னேன்?" ரிவ்யூவுக்கு இரண்டு நாள்தான் இருக்கும்.

இதற்கு மருந்து கையிலேயே இருக்கிறது. மீட்டிங் ஆப்பையும், வேலைகளைக் கார்டு கார்டாகப் பிரித்து வைக்கும் ட்ரெல்லோ மாதிரியான ஆப்பையும் கோத்துவிடலாம். கூட்டம் முடிந்ததும் வேலைகள் தாமாகவே கார்டாக வந்து போர்டில் உட்காரும். இது ஏதோ கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். சென்சார், ரிலே, மோட்டார் என்று நாம் மூன்று வருஷமாகப் படித்ததேதான்.

மேல்நிலைத் தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்ததா என்று கால் மணிக்கொரு தரம் மாடியேறி எட்டிப் பார்ப்பது ஒரு வழி. மென்பொருளில் அதற்குப் போலிங் என்று பெயர். ஃப்ளோட் சுவிட்ச் வைத்துவிட்டால் தண்ணீர் குறைந்ததும் அதுவே சேதி சொல்லும். அதுதான் வெப்ஹூக். கூட்டம் முடிந்தது, பதிவு தயார் என்றெல்லாம் ஜூம் தானாகவே நாம் கொடுத்த முகவரிக்குச் சேதி அனுப்பும். நடுவில் ஒரு ரிலே வேண்டுமே? 2011-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊரில் மூன்று இளைஞர்கள் தொடங்கிய ஜேப்பியர் அந்த ரிலேதான். பெர்லினில் 2019-ல் வந்த என்-எய்ட்-என் நம் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓடும் (ஆனால் ஜூம் அதை வெளியிலிருந்து எட்ட ஒரு பொது முகவரி வேண்டும், லேப் சிஸ்டத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் வராது!). நம்மூர் ஜோஹோவிலும் ஃப்ளோ என்று ஒன்று இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பதில் சரியாகப் போகாவிட்டால் ஜூம் அதே சேதியை மறுபடியும் அனுப்பும். கவனிக்காமல் விட்டால் ஒரே வேலைக்கு இரண்டு மூன்று கார்டு விழும். வாராவாரம் நடக்கும் கூட்டத்துக்கு மீட்டிங் ஐ.டி. ஒன்றேதான், ஒவ்வொரு அமர்வுக்கும் யு.யு.ஐ.டி. என்ற தனி எண் உண்டு. அதைக் குறித்து வைத்து, ஏற்கெனவே வந்த சேதியைத் தள்ளிவிட வேண்டும்.

சரி, இவ்வளவு நல்ல விஷயத்தில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. இப்போது வரும் ஏ.ஐ. குறிப்பெடுப்பான்கள் பேச்சை எழுத்தாக்கி, சுருக்கி, 'இன்ன வேலை இன்னாருக்கு' என்று பெயரும் போட்டுவிடுகின்றன. அதை அப்படியே போர்டோடு கோத்துவிட்டால் யாரும் கை வைக்காமலேயே வேலைப் பங்கீடு முடிந்துவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். என் எதிர்ப்பு இந்த ஓர் இடத்தில்தான்.

கார்டு என்ற யோசனை எங்கிருந்து வந்தது? டொயோட்டா தொழிற்சாலையிலிருந்து. டாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் உருவாக்கிய கன்பான் முறை அது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்கிறார், எடுத்த இடம் மட்டும் மறுபடி நிரப்பப்படுகிறது. அதைத்தான் அவர் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அடுத்த வேலைக்காரன் தனக்குத் தேவையானதை முந்தைய இடத்திலிருந்து இழுத்துக்கொள்வான். முந்தைய ஆள் தன்பாட்டுக்குச் செய்து இவன் தலையில் கொட்ட மாட்டான். 2011-ல் வந்த ட்ரெல்லோ இந்தக் கார்டை எடுத்துத்தான் திரையில் ஒட்டியது. இப்போது நாம் என்ன செய்யப் பார்க்கிறோம்? இழுக்க வேண்டிய கார்டை மிஷினை விட்டுத் தள்ளச் சொல்கிறோம். ஓனோ கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்!

தள்ளினால் யார் மேல் போய் விழும், சொல்லுங்கள் பார்க்கலாம். மீட்டிங்கில் இங்கிலீஷில் சரளமாகப் பேசுகிறவன் மேல் விழாது. தமிழ் மீடியத்திலிருந்து வந்து, மைக்கை ம்யூட்டில் போட்டுக்கொண்டு "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பவன் மேல்தான் விழும். கிராமத்தில் டவர் கிடைக்காமல் பாதியில் போனவள் மேல் விழும். சாயங்காலம் கடையில் பார்ட்-டைம் வேலைக்குப் போகிறவன் மேல் விழும். எங்கள் பேட்ச்சில் இப்படியொரு குறிப்பெடுப்பானை ஓடவிட்டுப் பார்த்தார்கள். தமிழும் இங்கிலீஷும் கலந்த நம் பேச்சு அதற்குப் பிடிபடவே இல்லை. "பி.சி.பி. அவன் பண்ணுவானா தெரியல" என்று ஒருத்தி சந்தேகமாகச் சொன்னாள். சுருக்கத்தில் அவன் பெயரிலேயே பி.சி.பி. வேலை ஏறியிருந்தது, தேதியோடு! அந்த நேரம் அவன் நெட் கட்டாகி வெளியே இருந்தான். 'இயலாது' என்று சொல்ல அவனுக்கு வாய்ப்பே இல்லை. நாலு நாள் கழித்துப் போர்டில் சிவப்பாகத் தெரிந்தது மட்டும் அவன் பெயர்தான்.

டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் எதற்கு என்று வைவாவில் கேட்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் மோட்டார் தானாக ஓடிவிடக் கூடாது, பக்கத்தில் ஆள் கை வைத்திருக்கலாம், யாராவது வந்து பச்சை பட்டனை அழுத்திய பிறகுதான் ஓட வேண்டும். ஆட்டோமேஷன் தெரியாதவனா அதை வைத்தான்? தெரிந்தவன்தான் வைத்தான்.

அந்தப் பச்சை பட்டனை இங்கேயும் வைக்கலாம், காசே செலவில்லை. கூட்டம் நடக்கும்போதே ஒருவர் கூகுள் ஷீட்டில் வரிக்கு ஒரு வேலையாக எழுதட்டும், தமிழில் எழுதினாலும் சரி. ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் கொஞ்சம் வரிகள் எழுதினால் ஒவ்வொரு வரியும் ட்ரெல்லோவில் 'புதியவை' என்ற பட்டியலில் கார்டாக விழும், பெயரில்லாமல். கார்டின் எண்ணை ஷீட்டிலேயே ஒரு காலத்தில் எழுதி வைத்துவிட்டால் அதே வேலை இரண்டு தரம் போகாது. இன்னொரு காலம் 'ஏற்றேன்'. வேலையை எடுப்பவர் அதில் தன் கையால் பெயரை அடித்த பிறகுதான் ஸ்கிரிப்ட் கார்டில் ஆளைச் சேர்க்க வேண்டும். நினைவூட்டல், தேதி, ரிவ்யூவுக்கு முந்தின நாள் பட்டியல் இதையெல்லாம் மிஷினே தாராளமாகச் செய்யட்டும்.

"அப்படி விட்டா எவன்டா எடுப்பான்? ஒருத்தனும் எடுக்க மாட்டான்!" என்று குழுத் தலைவர்கள் கொதிப்பது காதில் விழுகிறது. உண்மைதான், சில கார்டு அநாதையாகக் கிடக்கும். கிடக்கட்டுமே! யாரும் எடுக்காத வேலை நாலு பேர் கண்ணில் படும்படி கிடந்தால் அடுத்த கூட்டத்தில் முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். வேலை பெரிதா, சாலிடரிங் தெரிந்தவன் இல்லையா, காசு இல்லையா என்று அப்போதுதான் வெளியே வரும். ஒரு பெயரை ஒட்டி மூடிவிட்டால் இதெல்லாம் ரிவ்யூ அன்றைக்குத்தான் தெரியும்.

பதிவு செய்வதற்கும் எல்லாரிடமும் முதலில் கேட்டுவிடுங்கள். 2023-ல் ஜூம் தன் விதிமுறையில், பயனாளர் பேச்சை ஏ.ஐ. பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று படிக்கும்படி எழுதி வைத்தது. உலகமே சத்தம் போட்ட பிறகுதான் 'எடுக்க மாட்டோம்' என்று மாற்றி எழுதியது. அவ்வளவு பெரிய கம்பெனியையே கேள்வி கேட்டார்கள். நம் குழுவில் "ரெக்கார்ட் பண்ணலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்க என்ன கூச்சம்?

இன்னொன்று, இதைச் சங்கம்தான் எடுத்துப் பேச வேண்டும். புராஜெக்ட் நோட்டுக்குப் பதிலாகப் போர்டையே பார்த்து இன்டெர்னல் மார்க் போடலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. போடட்டும், நோட்டில் கடைசி நாளில் உட்கார்ந்து எழுதுவதைவிட அது நியாயம்தான். ஆனால் ஒரு கார்டில் பெயர் ஏறிய தேதியைப் பார்த்து மார்க் குறைப்பதற்கு முன், அந்தப் பெயரை ஏற்றியது யார் என்றும் பார்க்க வேண்டும். ட்ரெல்லோ கார்டைத் திறந்தால் கீழே இன்னார் இன்னாரைச் சேர்த்தார் என்று வரிசையாக இருக்கும். ஸ்கிரிப்ட் சேர்த்ததென்றால் ஷீட்டில் 'ஏற்றேன்' காலத்தில் அவன் பெயரும், வெர்ஷன் ஹிஸ்டரியில் அதை அடித்தது யார் என்பதும் தெரியும். கைடு சாரிடம் அந்த இரண்டையும் காட்டிவிட்டுப் பேசலாம்.