இருமலில் இரத்தம்

ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் 1820-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாளிரவு, குளிரில் வீடு திரும்பிப் படுக்கைக்குச் சென்றபோது இருமினார்; துணியில் ஒரு துளி இரத்தம் கண்டார். மெழுகுவர்த்தி கொணரச் செய்து அதன் நிறத்தை நோக்கினார். மருத்துவம் பயின்றவராதலின், தமக்கு முடிவு நெருங்கிற்றென்று அப்பொழுதே உணர்ந்தார். மருத்துவர்களோ அவர் உடலினின்று மேலும் குருதியை வடித்தனர். ரோமாபுரியில் அவரைப் பார்த்த வைத்தியர், நோய் பெரும்பாலும் இரைப்பையில் உள்ளதெனக் கருதினார். 1821 பிப்ரவரி 23-இல் தம் 25-ஆம் வயதில் கவிஞர் இறந்தபின் உடலை அறுத்து நோக்க, நுரையீரல்கள் முற்றும் அழிந்திருந்தன.

அவ்வைத்தியரை யாம் பழியோம். ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை அறிவித்தது 1882-இல். ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895-இல். இவை யாவும் கைவந்த நம் காலத்தவர், இருமலில் இரத்தம் கண்டும் “உடற்சூடு” என்று இளநீர் பருகி வாளாவிருப்பதையே யாம் பொறுக்ககில்லோம்.

இருமலோடு வரும் இரத்தம் பெரும்பாலும் செந்நிறமாய் நுரைத்திருக்கும். இரைப்பையினின்று வாந்தியாவது கறுத்து, உணவொடு கலந்திருக்கும். மூக்கினின்றும் ஈற்றினின்றும் கசிந்ததுவும் ஏமாற்றுவதுண்டு. நுரையீரலினின்றே வந்ததாயினும், உடனே காசமெனப் பெயர் சூட்டுதல் தகாது. நம் நாட்டில் முதலில் ஐயுறற்பாலது அதுவே. ஆயினும் மூச்சுக்குழல் அழற்சி, அக்குழல்கள் விரிந்து சீழ் கொள்ளுதல், நிமோனியா, புற்றுநோய், நுரையீரற் குழாயில் இரத்தக்கட்டி அடைத்தல் ஆகியவும் இதனைச் செய்யும். இளமையில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் இருதய வால்வு சுருங்கியவர்க்கும் இரத்தம் வரும். மணிப்பூரில் வேகாத நண்டினை உண்டு நுரையீரற் புழு கொண்டோர் சிலர், காசமென்றே மாதக்கணக்காய் மருந்துண்டு தீராராயினர். பிராசிகுவாண்டல் என்னும் மருந்தைச் சில நாள் உண்டால் தீர்வது அந்நோய். ஆறிய காசப்புண்ணின் குழியில் காளான் வளர்ந்து இரத்தம் கசிவதும் உண்டு. அவர்க்குக் காச மருந்தை மீண்டும் ஊட்டிப் பயனில்லை. ஆகலின் சளியைச் சோதித்தலும் மார்பைப் படமெடுத்தலும் முதற்கண் வேண்டும். காசக்கிருமியின் மரபுக்கூற்றைத் தேடும் சோதனை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் விடை தரும். அதிலும் தெளியாதவிடத்து சி.டி. படமும், குழாய் வழி உள்நோக்குதலும் உள.

இத்துணை எளிதாயிருந்தும் மாணவர் மறைப்பது ஏன்? விடுதியினின்று விலக்கப்படுவோம் என்னும் அச்சமே காரணமென்று கருதுகின்றோம். பெண்மக்கட்கோ மணம் தடைப்படுமென்னும் அச்சமும் சேரும். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி, வீட்டிலிருந்தே மருந்துண்ட காசநோயாளரும் ஆரோக்கிய நிலையத்தில் இருந்தோரை ஒப்ப நலமுற்றதையும், அவர்தம் வீட்டார்க்கு அதனால் தொற்று மிகாமையையும் காட்டிற்று. மருந்துக்கு அடங்கும் காசம் 6 மாத மருந்தால் பெரும்பாலும் தீர்வது. ஆதலின், நோயுற்ற மாணவனைச் சின்னாள் தனியறையில் வைத்து, மருந்து கொடுத்து, அவன் இடத்தை அவனுக்கே காத்துவைக்கும் விதியொன்றை விடுதிகள் எழுத்தில் வெளியிடல் வேண்டும். ஒருவனை வெளியேற்றினால், அடுத்தவன் துணியை மறைத்துத் துவைப்பான்.

அளவில் சிறியதாயின் மறுநாளே மருத்துவரிடம் செல்க. கோப்பையளவு வருமாயின் அப்பொழுதே செல்க. மூச்சுக்குழல் அடைபடுதலே அங்கு உயிர்க்கு இறுதியாவது.