கிளிமீனும் காரணப்பெயரும்

மலைநாட்டவராகிய நம்மிற் பலர் பவளப்பாறையைக் கண்டதில்லை. அதன் குடிகளைக் கண்டி மீன்சந்தைப் பலகையின்மீதே காண்கிறோம்.

சென்ற வாரம் அங்கே இரு மீன்களைக் கண்டேன். ஒன்று மஞ்சள் மேனியில் நீலக்கோடுகள் உடையது; மற்றொன்று பசுமையும் நீலமும் விரவியது. "இவை இருவேறு இனம்" என்று உடன்வந்த மாணவனுக்கு ஆசிரியத் துணிவோடு உரைத்தேன். மீன் விற்ற சிங்கள அன்பர் முறுவலித்து, "இரண்டும் கிரவாதான் மாத்தயா, வாயைப் பாருங்கள்" என்றார். கிரவா என்பது சிங்களத்திற் கிளி.

விலங்கியல் ஆசிரியரொருவரை வினவித் தெளிந்தேன், பிழை என்னுடையதே. ஸ்காரஸ் கோபன் என்னும் ஓரினத்தின் பெண்ணும் ஆணுமே அவை. பெண்ணாக வாழ்ந்த மீன் பின்னர் ஆணாகி நிறம் மாறுதலும் இவ்வினத்தில் உண்டு. நிறத்தை நம்பிய பழைய ஐரோப்பிய அறிஞர்களும் ஓரினத்து இருபாலுக்கும் வெவ்வேறு பெயர் சூட்டி இடர்ப்பட்டனர். கிளிமீன் இனங்கள் இன்று ஏறத்தாழ 100 எனக் கொள்வர்.

நிறம் மாறும், அலகு மாறாது. பற்கள் ஒன்றிணைந்து கிளிமூக்குப்போல் அமைந்தமையாற் கிளிமீன் என்பது காரணப்பெயர். இலக்கணம் கல்லாத மீனவர் இட்ட பெயர், கற்ற என் கூற்றினும் செம்மையானது.

அவ்வலகின் தொழில் யாது? பாறையைச் சுரண்டிப் பாசியை மேய்தல். உடன் விழுங்கிய கல்லைத் தொண்டைப் பற்களால் அரைத்து வெண்மணலாகக் கழிக்கும். மாலைதீவுகளின் மணலில் இம்மீன்களின் பங்கு பெரிது.

1998 இற் கடல் வெப்பமுற்று ஹிக்கடுவைப் பவளங்கள் வெளிறி மடிந்தன. மடிந்த பாறையைப் பாசி மூடிக்கொள்ளின் இளம் பவளம் பற்றி வளர இடமில்லை. அவ்விடத்தைத் துப்புரவாக்குவோருள் கிளிமீன் முதன்மையானது. இதனை உணர்ந்தே பெலீசு நாடு 2009 இல் அதனைப் பிடித்தலைத் தடைசெய்தது.

ஹிக்கடுவையும் நிலாவெளியை அடுத்த புறாத்தீவும் நம் நாட்டிலே தேசிய பூங்காக்கள். ஆயின் மீன் எல்லைக்கோட்டை அறியுமோ? உள்ளே காத்து வெளியே பிடித்து விற்பின் காவலின் பயன் குறையும். மீனவர் பிழைப்பைப் பழித்தல் என் கருத்தன்று. கடலில் உண்ணத்தக்க மீன் வேறு பல உள. வாங்குவோர் கிளிமீனை விலக்கின் வலையும் அதனை நாடாது. நம் பாடநூல்களும் பெயரோடு நில்லாது அதன் தொழிலையும் கூறுதல் வேண்டும்.

மறுநாள் வகுப்பில் என் பிழையை மாணவர்முன் திருத்திக்கொண்டேன். கிளிமீன் வாங்குவதையும் விட்டேன்.