பிள்ளையில்லாத தெய்வம்

ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கள் மரபைக் கேள்வி கேட்டு எழுதினாலே, "வெள்ளைக்காரன் படிப்பு தந்த திமிர்" என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. படித்துவிட்டுச் சொன்னாலாவது தேவலை.

நைஜீரியாவின் ஃப்ளோரா நுவாபா எடின்பரோவில் படித்தவர்தான். ஆனால் 1966-இல் வந்த அவருடைய 'எஃபுரு' நாவலில் வருவது இக்போ கிராமம். எஃபுரு வியாபாரத்தில் கெட்டிக்காரி. இரண்டு கல்யாணமும் நிலைக்கவில்லை, பெற்ற ஒரே குழந்தையும் இறந்துவிடுகிறது. ஊர் வாய் சும்மா இருக்குமா? அவளுக்குப் புகலிடம் தருவது எந்தப் புத்தகமும் இல்லை, ஊர் ஏரியில் வாழும் உஹாமிரி என்ற பெண் தெய்வம். அழகும் செல்வமும் நிறைந்த அந்தத் தெய்வத்துக்கே பிள்ளை கிடையாது! ஊர் வைத்த நிபந்தனைக்கு ஊரின் சாமியே விதிவிலக்கு. மரபு தெரியாதவர் எழுதக்கூடிய கதையா இது?

அந்த நாவலின் முடிவில் வரும் சொற்களிலிருந்துதான் புச்சி எமெச்செட்டா 1979-இல் தன் நாவலுக்குத் தலைப்பு எடுத்தார்: 'தாய்மையின் இன்பங்கள்'. (சரியான கிண்டல்.) பிள்ளைகளுக்காகவே தேய்ந்த நூ ஈகோ யாருமில்லாமல் வழியோரத்தில் சாகிறாள். பிறகு பிள்ளை வரம் கேட்பதற்கென்று அவள் பெயரிலேயே கோயில் எழுப்புகிறார்கள். அவள் வரம் தருவதில்லை.

அதே 1979-இல் செனகலின் மரியாமா பா எழுதிய நாவலில் விதவை ரமதுலாயி நான்கு மாதம் பத்து நாள் இத்தாவை முறைப்படி இருக்கிறாள். அந்த நாட்களிலேயே, தம்பி மனைவி தனக்குத்தான் என்று வந்து நிற்கும் கணவனின் அண்ணனை வார்த்தையாலேயே விரட்டுகிறாள்.