எந்த உலாவி என்பது பயனரின் முடிவு

இன்ஸ்டாகிராமில் ஒரு துணிக்கடை விளம்பரத்தைத் தொட்டால் கடையின் இணையதளம் திறக்கிறது. மேலே அதன் முகவரி தெரிகிறது. பக்கத்தில் பூட்டுச் சின்னமும் இருக்கிறது. கடைக்கே வந்துவிட்டோம் என்று நம்பி, பெயர், வீட்டு முகவரி, கார்டு எண் எனக் கேட்டதையெல்லாம் கொடுக்கிறோம். உண்மையில் நாம் இன்ஸ்டாகிராமைவிட்டு வெளியேறவே இல்லை. அந்தப் பக்கத்தைக் காட்டுவது நாம் வைத்திருக்கும் குரோமோ சஃபாரியோ அல்ல, செயலிக்குள்ளேயே இருக்கும் உலாவி. நம் உலாவியில் சேமித்துவைத்த உள்நுழைவு அங்கே இருக்காது; ஆகவே, கடவுச்சொல்லையும் மறுபடி தட்டச்சு செய்கிறோம்.

செயலி நினைத்தால், அங்கே திறக்கும் எந்தப் பக்கத்திலும் தன் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை நுழைக்க முடியும். பூட்டுச் சின்னம் இதைத் தடுக்காது. இணையதளத்துக்கும் கைபேசிக்கும் இடையிலான பாதைக்குத்தான் அது காவல். பக்கத்தைக் காட்டும் செயலியோ பூட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது.

இது வெறும் ஊகம் அல்ல. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றின் ஐபோன் செயலிகள் பிறருடைய இணையதளங்களில் தங்கள் நிரலை நுழைப்பதை, கூகுளின் முன்னாள் பொறியாளர் ஃபீலிக்ஸ் க்ராவ்ஸ 2022 ஆகஸ்டில் வெளிப்படுத்தினார். டிக்டாக்கில் அவர் கண்டது இன்னும் கவலைக்குரியது: தட்டப்படும் ஒவ்வொரு எழுத்தையும் கவனிக்க வல்ல நிரல். பிழைதிருத்தத்துக்காகவே அது இருப்பதாகவும், தட்டச்சு செய்வதைச் சேகரிப்பதில்லை என்றும் டிக்டாக் கூறியது. பயனரின் கண்காணிப்பு விருப்பத்தை மதிக்கவே நிரலைச் சேர்ப்பதாக, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றின் உரிமையாளரான மெட்டா விளக்கியது. தகவல்கள் திருடப்பட்டதாக க்ராவ்ஸவும் குற்றம்சாட்டவில்லை. ஆனால், கவனிக்கும் வசதியைத் தன்வசம் வைத்துக்கொண்டு, கவனிக்கவில்லை என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது அதைச் சரிபார்க்கப் பயனருக்கு என்ன வழி?

இதன் பின்னால் இருக்கும் பணத்தையும் பார்க்க வேண்டும். பிற செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர அனுமதி கேட்க வேண்டும் என்று ஆப்பிள் 2021 ஏப்ரலில் விதித்தது. அதனால் அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருவாய் போகும் என மெட்டாவே கணித்தது. பின்தொடர்வதற்கு அவ்வளவு விலை இருக்கும்போது வெறும் வாக்குறுதி போதாது. கைபேசியின் உலாவியில் நாம் பார்ப்பதை, அதே கைபேசியில் உள்ள ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகளுக்கு மெட்டாவின் நிரல் ரகசியமாகக் கடத்தியதை 2025 ஜூனில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஆண்ட்ராய்டில் கண்டறிந்தார்கள். விஷயம் அம்பலமான பிறகே மெட்டா அதை நிறுத்தியது.

செயலிக்கு உடனே திரும்பிவர, செயலிக்குள்ளேயே உலாவி இருப்பதுதான் வசதி என்ற வாதம் ஏற்கத் தக்கதல்ல. செயலிக்குள்ளேயே பக்கத்தைத் திறந்து, அதில் நடப்பதைச் செயலி பார்க்க முடியாமல் செய்யும் வசதியை ஆப்பிளும் கூகுளும் 2015 முதலே தந்துவருகின்றன. மெட்டாவின் வாட்ஸ்அப், இணைப்புகளைக் கைபேசியின் உலாவிக்குத்தான் அனுப்புகிறது. வாட்ஸ்அப்பில் முடிவது இன்ஸ்டாகிராமில் ஏன் முடியாது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ஒப்புதல் என்பது சுதந்திரமாக, குறிப்பாக, விவரம் அறிந்து தரப்பட வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். எந்த உலாவியில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் விரலால் தொடுவது எப்படி ஒப்புதலாகும்? சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள். அதுவரை ஒன்றிய அரசு கைகட்டி நிற்கக் கூடாது. இணைப்புகள் இயல்பாகவே பயனர் தேர்ந்தெடுத்த உலாவியில் திறக்க வேண்டும், பிறர் தளத்தில் நிரலை நுழைப்பதற்குத் தனி அனுமதி பெற வேண்டும் என்று உத்தரவிட வேண்டும். ஆப்பிளும் கூகுளும் இதையே தங்கள் செயலிக் கடைகளில் சேர்வதற்கான நிபந்தனையாக வைக்கலாம். அதற்கு எந்த அரசின் ஆணையும் தேவையில்லை.

வாசகர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. செயலிக்குள் திறந்த பக்கம் கடவுச்சொல்லையோ கார்டு எண்ணையோ கேட்டால், மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, வெளி உலாவிக்கு மாறிவிடுங்கள். அந்த வசதியே இல்லாத செயலியில் எதையும் தட்டச்சு செய்யாதீர்கள்.